ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் ஷாக் அப்சார்பர் மாற்றிய அனுபவம்

காரில் ஷாக் போனால் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு மேடு ஏறி இறங்கினால் வண்டி அடங்காமல் குதிக்கும், பின்சீட்டில் இருப்பவர் சத்தம் போடுவார். டிரெய்லரில் சத்தம் போட ஆள் கிடையாது. நாம் முன்னால் பிக்கப்பில் ஏசி போட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டு போகிறோம். பின்னால் 34 அடி நீள வீடு என்ன ஆட்டம் ஆடுகிறது என்பது கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. எங்களுடையது போன்ற ஃபிஃப்த் வீல் வகை வீட்டு டிரெய்லர் என்றால் இன்னும் மோசம். அதன் கழுத்து பிக்கப்பின் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே உட்காருவதால், பம்பரில் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லரைப் போல வாலை ஆட்டிக் காட்டாது. ஆகவே உள்ளே இருக்கும் சாமான்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

எங்கள் டிரெய்லரில் சாமான்கள் கொஞ்ச நாளாகவே முறையிட்டுக்கொண்டிருந்தன. ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்து அலபாமா கடற்கரைக்குப் போய் இறங்கிக் கதவைத் திறந்தால், பருப்பு டப்பாக்கள் தரையில். மேல் அலமாரியின் கீல் திருகு கழன்று சிங்க்கில் கிடக்கிறது. "ரோடு மோசம், வேற என்ன" என்பேன். லூசியானாவில் ஐ-10 மோசம்தான், அதில் பொய்யில்லை. பேட்டன் ரூஜுக்கும் லஃபாயெட்டுக்கும் நடுவே சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளத்துக்குப் போகும் அச்சாஃபலயா பாலத்தில் கான்கிரீட் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றும் 'தடக், தடக்' என்று எண்ணிக்கொண்டே வரும். சம இடைவெளியில் அடி விழும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்தத் தாளமும் ஸ்பிரிங்கின் சொந்தத் தாளமும் ஒன்றாகிவிடும். அப்போது ஒவ்வொரு அடியும் முந்தைய ஆட்டத்தைக் கூட்டும். ஐந்து மைல் வேகம் குறைத்தால் அடங்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக் இருக்கிறது. நல்ல ஷாக் இருந்தால் எந்த வேகமாக இருந்தாலும் இத்தனை ஆட்டம் வரக்கூடாது.

சந்தேகத்தை உறுதி செய்தது டயர். பின் ஆக்சிலின் இடது டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையை டிரெட்டின் (டயரில் ரோட்டைத் தொடும் பகுதி) மேல் வைத்துச் சுற்றிவர இழுத்தால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை அலையாகப் பட்டது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைவையோ அலைன்மென்ட்டையோ சந்தேகிக்கலாம். நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் என்றால் காற்றுக் குறைவு. இப்படித் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் டயர் ரோட்டை ஒழுங்காகப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது என்று பொருள். பேலன்ஸ் இல்லாத சக்கரமும் இதே மாதிரி தேயும், தளர்ந்த பேரிங்கும் தேய்க்கும். அதனால் டயரை மட்டும் பார்த்து ஷாக் வாங்க ஓடக்கூடாது.

காரில் செய்வது போல ஓரத்தை அமுக்கிக் குதிக்க வைத்துப் பார்க்கும் சோதனை இங்கே எடுபடாது. மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்கு மேல். நான் மேலே ஏறி நடனமாடினாலும் அசையாது. நான் நம்பும் சோதனை வேறு. ஷாக்கின் வேலையே ஆட்டத்தைப் பிடித்து வெப்பமாக மாற்றுவது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் சின்ன வால்வுத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகிறது, அந்த உராய்வில் சூடாகிறது. வேலை செய்த ஷாக் சுடும், செய்யாதது சுடாது. ஹைவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டி, ஓய்வு நிறுத்தத்தில் மெதுவாக உருட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கையும் பார்த்தேன். வலது பக்கம் இரண்டும் 118, 112 டிகிரி ஃபாரன்ஹீட். இடது முன்பக்கம் 103. இடது பின்பக்கம் 94, பக்கத்தில் இருந்த ஃபிரேம் இரும்பு 92. அதாவது அது சும்மா கூட வந்திருக்கிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. நிறுத்துவதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் டிரம் சூடாகிக் கீழ்ப்பக்கம் எல்லாமே சூடாகக் காட்டும். வெயில் ஒரு பக்கமாக அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து இரும்பு பத்துப் பதினைந்து டிகிரி கூடவே இருக்கும். ஆகையால் ஷாக்கை ஷாக்கோடு ஒப்பிடுவதைவிட, பக்கத்தில் இருக்கும் ஃபிரேமோடு ஒப்பிடுவதுதான் சரி.

இன்னொரு பொதுவான குழப்பம் எண்ணெய்க் கசிவு. ஷாக்கின் உடம்பில் மெல்லிய ஈரப் படலம், அதில் தூசி ஒட்டியிருப்பது சகஜம். தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை நனைக்கும் எண்ணெய் அது. சொட்டுச் சொட்டாக வழிந்து அடிக்கண் (போல்ட் நுழையும் கீழ் வளையம்) வரை கறுத்திருந்தால்தான் முடிந்தது கதை. என் இடது பின் ஷாக் அந்த நிலையில் இருந்தது. காரணம் தண்டின் குரோம் பூச்சில் ஊசி முனை அளவு துருக்குழிகள். வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டி, கடலோர உப்புக் காற்று. நிற்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுப் பகுதியில் துரு பிடிக்கிறது. ஓடும்போது அந்தக் குழிகள் அரம் மாதிரி ரப்பர் சீலை ராவுகின்றன. டிரெய்லர் ஷாக் மைலால் சாவதைவிட நின்று நின்று சாவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

வேலைக்குத் துணைக்கு வந்த தம்பி சங்ககிரிக்காரர், அப்பா லாரி வைத்திருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஊர்ல லாரிக்குப் பின்னாடி ஷாக்கே கிடையாதுண்ணே. கல்லு ஏத்திட்டு ஓடுது. நீங்க என்ன இதுக்குப் போய்..."

அவர் சொன்னது தப்பில்லை. பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவு ஷாக் வேலையைச் செய்துவிடும். அமெரிக்காவில் விற்கும் டிரெய்லர்கள் பலவற்றில் தொழிற்சாலையில் ஷாக்கே போடுவதில்லை, அதற்கும் இதுதான் சமாதானம். ஆனால் லாரியில் பின்பக்கம் கனத்த பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும், உரசலும் அதற்கேற்ப பலமாக இருக்கும். டிரெய்லரில் ஐந்தாறு மெல்லிய பட்டைகள்தான். தவிர, லாரி சுமப்பது கல், இது சுமப்பது கண்ணாடியும் பிளைவுட்டும். இரண்டு ஆக்சில்களின் ஸ்பிரிங்குகளும் நடுவில் ஈக்வலைசர் என்ற ஊஞ்சல் கட்டையில் கோத்திருப்பதால், முன்சக்கரம் வாங்கிய அடி பின்சக்கரத்துக்கும் போகும். ஒரு ஷாக் செத்தால் ஆட்டம் இரண்டுக்கும்தான். இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப நாலையும் மாத்திருங்க" என்றார். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். குறைந்தபட்சம் ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி கோணலாக ஆடும்.

சரியான ஷாக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் போனது. பழைய ஷாக்கில் இருந்த ஸ்டிக்கர் வெளுத்து எண் தெரியவில்லை. அளந்துதான் ஆக வேண்டும். வண்டி சமதளத்தில், வழக்கமான சாமான்களோடு, சக்கரம் தரையில் நிற்கும்போது மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடுவரை 12½ அங்குலம். நான் வாங்கியது முழுக்கச் சுருங்கினால் 10, முழுக்க நீண்டால் 15 அங்குலம். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் இடம் இருக்கிறது. இந்த நடு இடம் முக்கியம். சுருங்கும் பக்கம் இடம் குறைந்தால் பள்ளத்தில் அடிபடும்போது ஷாக் முட்டி பிராக்கெட் கிழியும். நீளும் பக்கம் இடம் குறைந்தால் ஆக்சிலின் எடை முழுவதும் ஷாக்கில் தொங்கும். கண்ணின் அகலம், போல்ட் விட்டம் இரண்டையும் வெர்னியரில் பார்த்துக்கொண்டேன்.

சாய்வையும் கவனியுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஷாக்தான் முழு வேலை செய்யும். 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 டிகிரி சாய்ந்தால் பாதிதான். என்னுடையது சுமார் 20 டிகிரி, பரவாயில்லை. சில வண்டிகளில் இடம் இல்லை என்று கிட்டத்தட்டப் படுக்கவே வைத்திருப்பார்கள். அது கணக்குக் காட்டத்தான்.

சர்வீஸ் கடை ஒன்றில் விசாரித்ததில் சொன்ன கூலி, நான்கு ஷாக்கின் விலையைப்போல இரண்டு மடங்கு. பெரும்பாலும் துருப்பிடித்த போல்ட்டோடு போராடும் நேரத்துக்கான காசு அது. பின்னால் அதன் நியாயம் புரிந்தது.

வேலைக்கு முதல் நாள் மாலையே எட்டு போல்ட்டுக்கும் துருவை இளக்கும் பிபி பிளாஸ்டர் எண்ணெய் அடித்து ஊற வைத்தேன். காலையில் இன்னொரு முறை. டிரெய்லரை டிரக்கில் மாட்டியபடியே விட்டு, டிரக்குக்கு ஹேண்ட்பிரேக். தம்பி சொல்லாமலே எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டார். கிளீனர் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. சமையல் கேஸ் சிலிண்டர்கள் இரண்டின் வால்வையும் மூடினேன். ஃபிரேமை ஒட்டியே கேஸ் குழாய் ஓடுகிறது, தீப்பொறி பறக்கும் வேலை வரலாம்.

தூக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சில் குழாய்க்கு அடியில் ஜாக்கி வைக்கவே கூடாது என்று ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. அந்தக் குழாய் கொஞ்சம் வளைந்தாலும் அலைன்மென்ட் போய்விடும். ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டை ஒட்டி, ஃபிரேமின் அடியில் கட்டை வைத்து 12 டன் பாட்டில் ஜாக்கியால் தூக்கி, ஃபிரேமுக்குக் கீழே இரண்டு 6 டன் ஸ்டாண்டு நிறுத்தினேன். டிரெய்லரில் பட்டன் அமுக்கினால் இறங்கும் ஹைட்ராலிக் கால்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை வண்டியைச் சமப்படுத்த. எண்ணெய் அழுத்தத்தை நம்பி அடியில் படுக்க நான் தயாரில்லை. ஃபிரேம் ஏற ஏற ஆக்சிலும் தொங்கிக்கொண்டே வரும், ஆகவே டயர் தரையை விடுவதற்கு நினைத்ததைவிட அதிகம் தூக்க வேண்டியிருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் வேலை செய்யக் கை நன்றாக நுழையும்.

வலது பக்கம் நான்கு போல்ட்டும் நீளமான பிடியில் கொஞ்சம் முனகிவிட்டு வந்துவிட்டன. இடது முன்பக்கமும் வந்தது. இடது பின்பக்கத்தின் கீழ் போல்ட்டில் நட் கழன்றது, போல்ட் வரவில்லை. தலையைத் திருப்பினால் போல்ட் சுற்றுகிறது, ஆனால் ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட்டோடு சேர்ந்து ஷாக்கின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ரப்பருக்கு நடுவே இருக்கும் இரும்புக் குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டன. நட்டைத் திரும்ப நுனி வரை மாட்டி, அதன் மேல் சுத்தியலால் அடித்தோம். அடி ஒவ்வொன்றுக்கும் செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்ததே தவிர அசையவில்லை.

வாயுவாலும் எண்ணெயாலும் நிறைந்த பழைய ஷாக்குக்குத் தீ காட்டக்கூடாது. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும், கேஸ் டார்ச்சால் சூடாக்கினால் வெடிக்கலாம். அதனால் வெட்டுவதுதான் வழி. பிராக்கெட்டின் காதுக்கும் ஷாக்கின் கண்ணுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்துதான். ரெசிப்ரோகேட்டிங் சா என்ற, முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மின்ரம்பத்தில் நீளமான மெட்டல் பிளேடு போட்டு, பிளேடைப் பிராக்கெட் பக்கம் படாமல் கண்ணின் பக்கம் சாய்த்து, ரப்பரையும் சேர்த்து அறுத்தேன். ரப்பர் கருகும் நாற்றம் நாளெல்லாம் மூக்கில் நின்றது. ஒரு பக்கம் அறுந்ததும் தம்பி ஷாக்கைப் பிடித்து வெளியே நெம்ப, மறுபக்கத்துக்கு இடம் கிடைத்தது. ஆக்சிலை ஒட்டி ஓடும் பிரேக் ஒயரை முன்கூட்டியே டேப்பால் மேலே கட்டியிருந்தோம். அந்த மெல்லிய ஒயர் அறுந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. கண்ணில் படும் வரை யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கழற்றியவற்றைக் கையில் பிடித்து அமுக்கிப் பார்த்தோம். வலது பக்கத்தவை இரண்டும் கனமாக, ஒரே சீராக இறங்கி மெதுவாகத் தானே எழும்பின. இடது முன்பக்கத்தில் நடுவே ஒரு இடத்தில் சடாரென்று வெற்றிடம், பிறகு மறுபடி பிடிப்பு. இடது பின்பக்கம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது.

புதியதை மாட்டும்போது தண்டு மேலே, உடம்பு கீழே. இரட்டைக் குழாய் வகை ஷாக்கைத் தலைகீழாகப் போட்டால் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்துக்கு வாயு வந்துவிடும். சுருக்கிக் கட்டிய பட்டையோடுதான் பெட்டியில் வரும். மேல் போல்ட்டை மாட்டிவிட்டு அந்தப் பட்டையை வெட்டினால் தானாக நீண்டு கீழ்ப் பிராக்கெட்டைத் தேடி வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். ஆக்சில் தொங்கிய நிலையில் என் அளவு 14¼ அங்குலம், ஆகவே கொஞ்சம் அமுக்கிப் பிடித்தால் துளைகள் நேர் வந்தன. போல்ட், நட், வாஷர் எல்லாம் புதிது. போல்ட் உடம்பில் துரு தடுக்கும் பசை தடவினேன், மரையில் படாமல். அடுத்த முறை ரம்பத்தைத் தூக்கும் எண்ணம் எனக்கில்லை.

இனிச் சொல்வதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வண்டி தூக்கிய நிலையில் இருக்கும்போது போல்ட்டை இறுக்கக் கூடாது. கையால் நிற்கும் அளவுக்கு மட்டும் போதும். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் அடியில் ஊர்ந்துபோய் டார்க் ரெஞ்சில் முழு இறுக்கம். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ்ஷின் நடுக்குழல் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். சீக்கிரம் கிழியும். எத்தனை அடி-பவுண்டு என்பது ஷாக்கோடு வரும் தாளில் இருக்கும், அதையே பாருங்கள்.

சக்கர நட்டுகளுக்கு என் ஆக்சிலில் அரை அங்குல ஸ்டட் (நட் மாட்டும் மரைத் தண்டு), கையேட்டுப்படி முதலில் 20-25, பிறகு 50-60, கடைசியில் 90 முதல் 120 அடி-பவுண்டு. நட்சத்திர வரிசையில் எதிரெதிராக. முதல் 50 மைலுக்குள் மறுபடி பார்த்துவிட வேண்டும். இரண்டு நட் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தன, அலுமினிய ரிம்மில் அது வழக்கம்தான்.

அலை தேய்மானம் கண்ட டயரை ஷாக் சரி செய்யாது. அது தேய்ந்தது தேய்ந்ததுதான், புதிதாக ஒன்று வாங்கினேன். எல்லாச் சக்கரத்தையும் பேலன்ஸ் செய்யச் சொன்னேன், டிரெய்லர் டயருக்கு எதற்கு பேலன்ஸ் என்று கடைக்காரர் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தவில்லை.

அதே ஐ-10, அதே வேகம். பாலத்தில் 'தடக்' சத்தம் அப்படியேதான் இருந்தது, சத்தம் ரோட்டினுடையது. ஆனால் ஒரு தடக்குக்கு ஒரு அசைவு, அதோடு நின்றது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மேல் விளிம்பு அடிவானத்தை ஒட்டிக்கொண்டு வந்தது. வெப்பமானியில் நான்கு ஷாக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசத்துக்குள். டப்பாக்களில் ஒன்று மட்டும் கவிழ்ந்திருந்தது, அதுவும் மூடி சரியாகப் போடாத உளுந்து.

ஷாக் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். டிரக்கை முன்னும் பின்னும் இடிக்கும் அந்த வெட்டு வெட்டான உதைப்பு குறையவில்லை. அது டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் கிங்பின் ஆணி பொருந்தும் இடத்தின் தளர்வால் வருவது, வைத்தியம் வேறு. ஷாக் போட்டதால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்றும் அர்த்தமில்லை. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஆக்சிலும் டயரும்தான்.

பழைய ஷாக்குகளைக் குப்பையில் போடவோ உரசி வெட்டவோ வேண்டாம். எண்ணெயும் அழுத்தமும் உள்ளே இருக்கின்றன. பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் மையத்தில் கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

சக்கரம் கழற்றியிருந்தபோது கடப்பாரையால் ஷாக்கிள்களை (ஸ்பிரிங்கை ஈக்வலைசரோடு இணைக்கும் பட்டைகள்) நெம்பிப் பார்த்ததில், நைலான் புஷ் இரண்டு தேய்ந்து போல்ட் இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெண்கல புஷ்ஷும் கிரீஸ் அடிக்கும் போல்ட்டும் அடங்கிய கிட் வந்துவிட்டது. அதற்கு ஸ்பிரிங்கையே இறக்க வேண்டும், மழை நின்றதும் அதைத் தொடங்குகிறேன்.